துளை போடும் முன்

பணி ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு நண்பர்கள் பலர் கேட்ட கேள்வி இது: “அமெரிக்காவில் போலீஸுக்கு வேலை பார்த்தீர்களாமே, துப்பாக்கி எல்லாம் வைத்திருந்தீர்களா?” இல்லை. என் கையில் இருந்தது மல்டிமீட்டரும் வயர் கட்டரும்தான். அங்கே ஒரு நடுத்தர நகரத்தின் வாகனப் பணிமனையில் மின் பிரிவில் இருந்தேன். கம்பெனியிலிருந்து வெறும் காராக வருவதை ரோந்து வண்டியாக மாற்றுவது எங்கள் வேலை. கூரையில் விளக்கு, சைரன், வயர்லெஸ், லேப்டாப், கேமரா, ரேடார் என்று அத்தனையும் நாங்கள்தான் பொருத்த வேண்டும்.

பல வருடங்களாக ஒரே முறையில் செய்துவந்த வேலை. ஹைபிரிட் வண்டிகள் வந்ததும் பழைய பழக்கத்தில் பாதியை மறக்க வேண்டியதாயிற்று. 2017-இல் ஃபோர்டு நிறுவனம் போலீஸுக்கென்று ஒரு ஹைபிரிட் செடானை அறிமுகப்படுத்தியது. பிறகு 2020 மாடல் எக்ஸ்ப்ளோரர் போலீஸ் வண்டியிலும் 3.3 லிட்டர் ஹைபிரிட் வந்தது. காரணம் எளிது. ரோந்து வண்டி ஓடுவதை விட நிற்பதே அதிகம். 8 மணி நேர ஷிப்டில் சுமார் 4.9 மணி நேரம் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுகிறது என்று ஃபோர்டே கணக்குச் சொன்னது. விளக்கும் லேப்டாப்பும் எரிவதற்காகவே பெட்ரோல் கரையும்.

ஹைபிரிடில் அப்படி இல்லை. சாதாரண காரில் இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் சுற்றும், 12 வோல்ட் கிடைக்கும். ஹைபிரிடில் சில நூறு வோல்ட் கொண்ட பெரிய பேட்டரி இருக்கிறது. ஒரு கன்வர்ட்டர் அதிலிருந்து 12 வோல்ட் இறக்கித் தருகிறது. இன்ஜின் அணைந்திருந்தாலும் விளக்கு எரியும். பெரிய பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானே ஓடி அதை ஏற்றிவிட்டு மறுபடி அணையும்.

எங்கள் நகரத்துக்கு முதலில் மூன்று ஹைபிரிட் வண்டிகள் வந்தன. ரோந்துப் பிரிவின் சார்ஜென்ட் அன்றைக்கே வந்து நின்றார். “பழைய வண்டி இரண்டு பழுதாகிக் கிடக்கிறது. எத்தனை நாளில் தருவீர்கள்?” என்றார். “முதல் வாரம் ஸ்குரூ டிரைவரையே தொடமாட்டோம். தாளும் பென்சிலும்தான்” என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. நம் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது புரியும். பூச்சு வேலைக்கு முன்பே எந்தச் சுவரில் எந்தப் பைப் என்று முடிவு செய்யாவிட்டால் பிறகு சுவரை உடைக்க வேண்டும். காரில் உடைக்கவும் முடியாது.

முதலில் கணக்கு. விளக்குக்கு 12 ஆம்பியர், சைரனுக்கு 10, வயர்லெஸில் பேசும் பட்டனை அழுத்தும்போது 15, லேப்டாப்புக்கு 6. கேமராவும் மற்றவையும் சேர்ந்தால் 50-ஐத் தாண்டும். 12 வோல்டில் 50 ஆம்பியர் என்றால் 600 வாட், அதாவது ஒரு மிக்ஸி ஓடுவது போல. இதை மூன்று பட்டியலாகப் பிரித்தோம். எப்போதும் மின்சாரம் வேண்டியவை, வண்டி ஓட்டத் தயாராக இருக்கும்போது மட்டும் வேண்டியவை, வண்டியை அணைத்த பின் சில நிமிடம் இருந்து டைமரில் தானே அணைய வேண்டியவை. இன்ஜின் ஓடுகிறதா என்று பார்த்து வேலை செய்யும் பழைய ரிலேக்கள் இங்கே உதவாது. இதில் இன்ஜின் நினைத்தபோது நிற்கும், நினைத்தபோது ஓடும்.

இன்னொன்று. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் வண்டி கிளம்பாது. பெரியதை இணைக்கும் சுவிட்சுகளை எழுப்புவதே அந்தச் சின்னதுதான். வீட்டில் பணம் இருந்தும் பெட்டிச் சாவி தொலைந்த கதை. அதனால்தான் டைமர்.

அடுத்தது துளை. உயர் அழுத்த கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதன் பக்கம் டிரில் போகக்கூடாது. பேட்டரி பின் இருக்கைப் பக்கம் தரைக்குக் கீழே இருப்பதால், துப்பாக்கிப் பெட்டிக்கோ கைதி இருக்கைக்கோ ஸ்குரூ அடிக்கும் முன் வரைபடம் பார்க்க வேண்டும். ஏர்பேக் விரியும் வழியில் வயரும் போகக்கூடாது, லேப்டாப் ஸ்டாண்டும் நிற்கக்கூடாது.

போட்ட துளையை அடைப்பதும் திட்டத்தில் சேர்த்திதான். 2017 ஜூலையில் ஆஸ்டின் நகரப் போலீஸ் சுமார் 400 எக்ஸ்ப்ளோரர் வண்டிகளை ஓட்டாமல் நிறுத்தியது. அவை ஹைபிரிட் அல்ல. உள்ளே கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று புகார். சில போலீஸ் வண்டிகளில், வாங்கிய பின் கருவிகள் பொருத்தியபோது பின்பக்கம் அடைக்காமல் விட்ட துளைகளும் இடைவெளிகளும் இருந்ததைக் கண்டதாக ஃபோர்டு அப்போது சொன்னது. அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் பணிமனையில் ஒவ்வொரு துளைக்கும் எண் போட்டோம். அடைத்தவர் கையெழுத்து இல்லாமல் வண்டி வெளியே போகாது.

எல்லாம் முடிந்து முதல் வண்டியைச் சோதித்தோம். வயர்லெஸில் கரகரவென்று இரைச்சல். எல்லா நேரமும் இல்லை, சில சேனல்களில் மட்டும். சார்ஜென்ட், “பேச்சு புரிகிறதே, கொடுத்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம்” என்றார். வண்டியைக் கொடுக்க முடியாது என்றேன். நடுநிசியில் தனியாக நிற்கும் ஒருவர் உதவி கேட்கும்போது ஒரு வார்த்தை விழுங்கப்பட்டால், அது தெருப் பெயராக இருந்தால் என்ன செய்வது? விஷயம் மேலதிகாரி வரை போயிற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். கடைசியில் நான்கு நாள் அவகாசம் கிடைத்தது.

கூரை ஆன்டெனாவின் கேபிளை ஒரு பக்கமாகப் பிரித்து எடுத்தோம். பவர் வயர்களை மறுபக்கம் விட்டோம். வயர்லெஸின் கிரவுண்டை வண்டித் தயாரிப்பாளர் குறித்த இடத்தில் தனியாகக் கொடுத்தோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே நேராக மாட்டினால், அங்கிருக்கும் சென்சாரின் கணக்குத் தப்பிப் போகும். மூன்றாம் நாள் மாலை இரைச்சல் நின்றது.

சில மாதங்கள் கழித்து அந்த வண்டியை ஓட்டிய பெண் காவலர் ஒருவர் பணிமனைக்கு வந்தார். ஊருக்கு வெளியே இரவில் ஒரு விபத்து. விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். இன்ஜின் பெரும்பாலும் அணைந்தே இருந்ததாம். அந்த அமைதியில்தான் பக்கத்துப் பள்ளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தவரின் முனகல் கேட்டது. வயர்லெஸில் ஆம்புலன்ஸ் கேட்டார், முதல் தடவையிலேயே இடம் புரிந்தது. “அவர் பிழைத்துவிட்டார்” என்று சொல்லிவிட்டுப் போனார். உடன் இருந்த இளம் மெக்கானிக் அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தான்.

இப்போது நம் ஊரிலும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா என்று ஹைபிரிட் கார்கள் ஓடுகின்றன. பிள்ளைகள் வாங்கி வந்தால் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஹாரன், கேமரா எது மாட்டினாலும், ஆரஞ்சு கேபிள் எங்கே போகிறது என்று அறிந்தவரிடமே கொடுக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் எந்த வயரையும் இழுக்கக்கூடாது. இறங்கும் முன் டேஷ்போர்டில் ‘ரெடி’ விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் இல்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.