எல்லாத் திரைக்கும் ஒரே பக்கம்

கோவை சரவணம்பட்டியில் இணையதளம் வடிவமைக்கும் ஒரு சிறிய அலுவலகம். சுவரோரம் நீள மேசை. அதன்மேல் கீறல் விழுந்த பழைய ஆண்ட்ராய்டு முதல் புது ஐபோன் வரை போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கமும் இந்த மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும் என்றார்கள்.

அன்று ஒரு கல்லூரியின் தமிழ் விண்ணப்பப் பக்கம் வேலையில் இருந்தது. வடிவமைக்கும் பெண் பிரவுசர் ஜன்னலின் ஓரத்தை மவுஸால் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினார். மூன்று பத்தியாக இருந்த பக்கம் இரண்டானது. பிறகு எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. இன்னும் குறுக்கியபோது ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ என்ற பட்டனில் எழுத்து இரண்டு வரியாக மடிந்தது. பட்டனின் உயரமோ ஒரு வரிக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. கீழ்வரி பாதி வெட்டுப்பட்டு நின்றது. அவர் உயரக் கணக்கை எடுத்துவிட்டு, எழுத்துக்கு மேலும் கீழும் இடைவெளி மட்டும் கொடுத்தார். இப்போது வரி கூடினால் பட்டனும் கூடவே வளர்ந்தது. ‘சு’, ‘பு’ எழுத்துகளின் கால் அடுத்த வரியில் இடிக்காதபடி வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டினார்.

“போன் மாடலைப் பார்த்து பிரேக்பாயின்ட் வைக்கிறதில்லீங்க சார். மாடல் வருசா வருசம் மாறும். பக்கம் எந்த அகலத்துல உடையுதோ, அங்கதான் வைப்போம்” என்றார். பக்கத்தின் அமைப்பு மாறும் அகலத்தைத்தான் பிரேக்பாயின்ட் என்கிறார்கள்.

இந்தத் தெளிவு எளிதில் வந்ததல்ல. 640 பிக்சல், 800, 1024 என்று திரை வளர வளர, அந்தந்தக் காலத்து அகலத்துக்கே பக்கங்களைக் கட்டிவைத்தார்கள். அச்சுத்தாளுக்கு உரிய கட்டுப்பாட்டை இணையத்தில் தேடாதீர்கள் என்று 2000-இலேயே இணைய வடிவமைப்பாளர் ஜான் ஆல்சாப் எழுதினார். 2007-இல் வந்த ஐபோனின் திரை அகலம் 320 பிக்சல். அது பக்கங்களை 980 பிக்சல் அகலமாக எண்ணிக்கொண்டு சுருக்கிக் காட்டியது. எழுத்து எறும்பளவு ஆனது. 2010 மே மாதம் இன்னொரு வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் வழி சொன்னார்: விகிதத்தில் அளந்த கட்டங்கள், கட்டத்துக்கு ஏற்பச் சுருங்கும் படங்கள், அகலம் பார்த்து விதியை மாற்றும் மீடியா குவெரி. இன்றும் அடித்தளம் இந்த மூன்றுதான்.

சோதிக்கும் இளைஞர் இன்னொன்றைக் காட்டினார். 1280 பிக்சல் ஜன்னலில் பக்கத்தை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினார். உடனே செல்போனுக்குரிய அமைப்பு பெரிய திரையில் வந்து நின்றது. பெருக்கினால் பக்கத்துக்குக் கிடைக்கும் அகலம் 320 ஆகிவிடுகிறது. அந்த அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் நெறி கேட்கிறது. “பார்வை மங்கினவங்க இப்படித்தான் சார் படிப்பாங்க” என்றார். சின்னத் திரைக்காகச் செய்த வேலை பார்வை மங்கியவர்களுக்கும் வழிவிடுகிறது. இந்தத் தொழிலின் மீது எனக்குப் பெருமதிப்பு வந்தது இங்கேதான்.

இணையதளம் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தின் பெரிய திரையில் பார்த்துவிட்டு ஒப்புதல் தராதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே விலை குறைந்த செல்போனில் திறந்து, ஒரு படிவத்தை முழுதாக நிரப்பிப் பாருங்கள். அது முடிந்தால்தான் வேலை முடிந்தது.