கவிஞரே மௌனமான கடற்கரை... மாட்சுஷிமா!

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் செண்டாய். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் 40 நிமிடம். ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கடல். அதில் ஏறத்தாழ 260 தீவுகள், பாறைகளின் மேல் வளைந்து நிற்கும் பைன் மரங்கள். 'மாட்சு' என்றால் பைன், 'ஷிமா' என்றால் தீவு. ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளில் ஒன்றாக இந்த ஊரைக் கொண்டாடுகிறார்கள்.

1689-ல் இந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்பியவர், ஹைக்கூ உலகின் பெரும் கவிஞர் பாஷோ. ஜென் துறவி புட்சோவிடம் தியானம் பயின்றவர். மாட்சுஷிமாவின் நிலவு மனதை இழுத்ததைத் தன் பயண நூலின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். அன்றைய எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, சீடர் சோராவுடன் பல நாள் நடந்து, கடைசியில் படகேறி வந்து சேர்ந்தார்.

ஆனால், அந்த நூலின் மாட்சுஷிமா பகுதியில் பாஷோவின் கவிதை ஒன்றுகூட இல்லை! தீவுகளை உரைநடையில் வர்ணிக்கிறார். எந்த எழுத்தாலும் இந்த அழகைப் பிடிக்க முடியாது என்ற பொருளில் சொல்கிறார். சோராவின் கவிதையைச் சேர்க்கிறார். தான் மட்டும் பேசாமல் படுத்ததாகவும், தூக்கம் வரவில்லை என்றும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வார்த்தை கிடைக்காமல் போனதா? அப்படியும் சொல்ல முடியாது. இந்தத் தீவுகளைப் பற்றி அவர் பெயரில் ஒரு ஹைக்கூ பின்னாளில் வேறொரு தொகுப்பில் வெளியானது. சில ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதிய தன் நூலில் பாஷோ அதை வைக்கவில்லை. விரல் நிலவைக் காட்டலாம், ஆனால் விரல் நிலவாகாது என்பது ஜென் மரபில் புழங்கும் உவமை. மாட்சுஷிமாவில் பாஷோ அந்த விரலையும் மடக்கிக்கொண்டார்.

அந்த மௌனத்தை மற்றவர்களால் தாங்க முடியவில்லை. ஊர்ப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கவிதையை இன்றும் பலர் பாஷோவுடையது என்கிறார்கள். உண்மையில் அதை எழுதியவர் அவருக்குப் பின் வந்த வேறொரு கவிஞர்.

ஊரில் பார்க்க வேண்டிய முக்கிய இடம், 1609-ல் டாடே மசமுனே புதுப்பித்துக் கட்டிய ஜென் கோயிலான ஜூய்கன்ஜி. அடுத்தது, துறவிகள் தங்கித் தவம் செய்த பாறைக் குகைகள் உள்ள ஓஷிமா தீவு. அங்கே போகும் சிவப்புப் பாலத்தை 2011 சுனாமி அடித்துச் சென்றது. பிறகு புதிதாகக் கட்டினார்கள். விரிகுடாவில் சிதறிக் கிடக்கும் தீவுகள் அலையின் வேகத்தைத் தணித்ததால், பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் மாட்சுஷிமாவுக்குச் சேதம் குறைவு.

தீவுகளைச் சுற்றிவரப் படகுச் சவாரியும் உண்டு. படகில் ஏறியதும் எல்லோர் கையிலும் செல்போன். 'சொல்ல வார்த்தையே இல்லை' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, அடுத்த நிமிடமே பத்து படங்களும் பத்து வரிகளும் போடுவது இன்றைய வழக்கம். வார்த்தை இல்லை என்று சொன்ன பிறகு நிஜமாகவே வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவர், 300 ஆண்டுகளுக்கு முன் இதே கடலில் படகில் வந்த அந்தக் கவிஞர்தான்.