ஒலி அடங்கும் வரை

பெரிய மண்டபத்தில் கைதட்டினால் ஓசை சுவர்களில் மோதித் திரும்பி, அடர்ந்து, மெல்ல அடங்கும். அந்த அடங்கலை மண்டபமே இல்லாமல் கணக்கால் உண்டாக்குவதுதான் ரிவெர்ப் ப்ளகின் என்ற ஒலி மென்பொருளை எழுதுபவரின் தொழில். பெல் ஆய்வுக்கூடத்தில் மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்திலேயே இதற்கு வழி கண்டார். ஒலியைச் சற்றுத் தாமதித்து, கொஞ்சம் குறைத்து, மறுபடியும் உள்ளே விட வேண்டும். அப்படிப்பட்ட சுழல்கள் நான்கு, அவற்றின் பின்னால் எதிரொலிகளை அடர்த்தியாக்கும் ஆல்பாஸ் ஃபில்டர்கள் இரண்டு.

பின்னாளில் ‘ஜெசர்’ என்ற பெயரில் ஒருவர் எழுதி, எல்லோருக்கும் இலவசமாக விட்ட ஃப்ரீவெர்பில் எட்டுச் சுழல்கள் உண்டு. அவற்றின் நீளம் 1116, 1188, 1277 மாதிரிகள் என்று போகும். ஒலியிலிருந்து நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் கணக்கில் முதல் சுழலின் தாமதம் ஏறத்தாழ 25 மில்லிநொடி. ஒன்றின் மடங்காக இன்னொன்று அமைந்தால் எதிரொலிகள் ஒரே நேரத்தில் வந்து விழும். ஓசையில் தகரம் கலந்துவிடும்.

இந்தத் தகரத்தை விரட்டுவதில்தான் தனியாக உழைக்கும் டெவலப்பரின் நாட்கள் கழிகின்றன. ஹெட்ஃபோனில் ஸ்னேர் டிரம்மின் ஒரே அடி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. குறைகளை ஒளிக்க விடாத ஓசை அது. ஒரு சுழலை நான்கைந்து மாதிரிகள் நீட்டுகிறார், கேட்கிறார், பழையபடி குறைக்கிறார். சுழலின் நீளத்தை மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தால் தகரம் மறைகிறது. ஆனால் பியானோவின் நீண்ட சுரம் தள்ளாடத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைச் சூத்திரம் காட்டித் தராது, காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பொறுமையைத்தான்.

காதுக்கு எட்டாத தொல்லைகளும் உண்டு. ஓசை அடங்கிய பிறகும் சுழலுக்குள் மிகமிகச் சிறிய எண்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பூஜ்யத்தை ஒட்டிய அந்த எண்களைக் கையாளப் பல பிராசசர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். பாட்டு நின்ற பிறகு கணினி திணறும். அவற்றைப் பூஜ்யமாக்கவென்றே ஃப்ரீவெர்பின் நிரலில் தனி ஏற்பாடு இருக்கிறது.

இதே அடங்கலுக்கு ஒரு காலத்தில் கனத்த கருவி தேவைப்பட்டது. 1957இல் வந்த ஈஎம்டி 140 என்ற தகட்டு ரிவெர்ப் கருவியின் எடை கிட்டத்தட்ட 270 கிலோ. பெரிய ஸ்டுடியோக்கள்தான் அதை வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று ஷான் காஸ்டெல்லோவின் சிறு நிறுவனமான வல்ஹல்லா டிஎஸ்பி, ‘விண்டேஜ்வெர்ப்’ ப்ளகினை 50 டாலருக்கு விற்கிறது. 2020இல் வந்த ‘சூப்பர்மாசிவ்’ இலவசம். வீட்டு அறையில் பாட்டுப் பதிவு செய்பவரின் கைக்கும் மண்டபம் வந்துவிட்டது.

எழுதி முடித்தாலும் வேலை ஓயாது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்ஸ்டாலர் செய்வதும், வாங்கியவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும் அதே ஆள்தான். யாராவது நொடிக்கு 96,000 மாதிரிகளில் பதிவு செய்தால் சுழல்களையும் அதே விகிதத்தில் நீட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் 44,100இல் கேட்ட மண்டபம் அங்கே பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடும்.