ஏலமலையில் ஒரு பைத்தான் புத்தகம்

1983இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலிருந்து ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்பவர், சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் ஒன்றில் நெடும்பயணம் புறப்பட்டார். மைக்ரோகம்ப்யூட்டர் வடிவமைப்பு பற்றி ஏற்கெனவே புத்தகம் எழுதியவர். அவர் பையில் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற மடிமேல் வைக்கும் கணினி இருந்தது. திரையில் எட்டே வரி, வரிக்கு நாற்பது எழுத்து. நான்கு சிறிய பேட்டரிகளில் ஓடும். எழுதியதைச் சாலையோரப் பொதுத் தொலைபேசியில் இணைத்து அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்கு மிதிப்பார். அடுத்து அவர் கட்டிய சைக்கிளில் கைப்பிடியிலேயே விசைகளைப் பதித்து, ஓட்டிக்கொண்டே எழுதினார். 1988இல் வந்த அவருடைய ‘கம்ப்யூட்டிங் அக்ராஸ் அமெரிக்கா’ முதல் பயணத்தின் கதை.

ராபர்ட்ஸுக்குச் சாலைதான் விஷயம். நிரலாக்கப் புத்தகத்தில் சாலை வராது, மலை வராது, கடல் வராது. ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் வாசகரின் கணினி அங்கேயே நின்றுவிடும். இப்படிப்பட்ட புத்தகத்தை ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுவதே முறை என்று நண்பர்கள் சொன்னார்கள், நான் வேலையை விட்டுவிட்டுத் தமிழில் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றை ஊர் ஊராகப் போய் எழுதக் கிளம்பியபோது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. எழுதுகிறவர் தன் வாசகரிடம் என்னென்ன இருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார். சொந்தக் கணினி, நிற்காத மின்சாரம், அறுபடாத இணையம், ஆங்கில எழுத்துகளில் பழகிய விரல். ஊர் மாறினால்தான் அந்தக் கணக்கு ஒவ்வொன்றாக அடிபடும். நிரலாக்கப் புத்தகம் எழுதுகிறவருக்குப் பயணம் தரக்கூடிய பெரிய உதவி இதுதான்.

இதற்கு முன்பே ஓர் உதாரணம் உண்டு. கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1962இல் ஒரே புத்தகமாக, பன்னிரண்டு அத்தியாயங்களில் முடித்துவிடலாம் என்று தொடங்கியது ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’. முதல் தொகுதி 1968இல் வந்தது. பிந்தைய தொகுதிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டாம் தொகுதியின் புதுப் பதிப்புக்கு வந்த அச்சுப்படி கண்ணுக்குப் பிடிக்காமல் போகவே, அச்சுக் கோப்பதற்கென்றே டெக் என்ற மென்பொருளை எழுதத் திட்டமிட்டார். 1977 கோடையில் அதன் வரைவைத் தன் மாணவர்கள் மைக்கேல் பிளாஸ், ஃபிராங்க் லியாங் இருவரிடம் கொடுத்துவிட்டுச் சீனாவுக்குப் பயணம் போனார். தெளிவாக எழுதிவைத்திருப்பதாக அவருக்கு நம்பிக்கை. திரும்பி வந்து பார்த்தால் மாணவர்கள் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் ஓடவைத்திருந்தார்கள். அவர்கள் திறமைக்குக் குறைவில்லை. வரைவில் அவர் எழுதாமல் விட்ட இடங்கள் அத்தனை இருந்தன, ஒவ்வொன்றுக்கும் அவர்களே முடிவு தேட வேண்டியிருந்தது. மென்பொருளை வடிவமைத்தவரே அதை எழுதி, பயன்படுத்தி, கையேடும் எழுத வேண்டும் என்று பிற்பாடு அவர் வலியுறுத்தியதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோது எழுத்து என்ன செய்கிறது என்பதைக் காட்டிய பயணம் அது.

நான் போன ஊர்களில் ஹெல்சிங்கியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2018 டிசம்பரில் திறந்த ஓடி நூலகம் அங்கே நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கிறது. யாரும் போகலாம், நாள் முழுக்க உட்காரலாம், காசு கேட்பதில்லை. தையல் இயந்திரம் முதல் முப்பரிமாண அச்சு வரை வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் காப்பியோடு தின்னும் புல்லா ரொட்டியில் ஏலப்பொடி மணக்கும். அங்கே எழுத்து வேகமாக ஓடியது. ஆனால் வசதியான ஊரில் எழுதும் அத்தியாயம் வசதியை நம்பியே நிற்கும். “இந்தத் தளத்துக்குப் போய்த் தரவிறக்குங்கள்” என்று முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

யாழ்ப்பாணம் வேறு விதமாக உதவியது. 1981இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த பொது நூலகத்தில் உட்கார்ந்து மாணவர்களோடு பேசினேன். இலங்கையின் உயர்தர (ஏ லெவல்) பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம். அதைத் தமிழ்வழியில் படிக்கலாம், அதில் பைத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகமும் பைத்தானைத்தான் சொல்லித்தருகிறது. கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலும் அது இடம்பிடித்தது. அங்கே இடுக்கி, பாலக்காடு பகுதிகளின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தமிழில் பாடப்புத்தகம் உண்டு. மூன்று அரசுகள், மூன்று பாடத்திட்டங்கள், ஒரே நிரல்மொழி, ஒரே தாய்மொழி. இந்தப் பிள்ளைகள் ஒருவர் புத்தகத்தை ஒருவர் பார்த்ததில்லை. என் வாசகர் யார் என்பது எனக்கு அந்த நூலகத்தில் தெளிவானது. அதன் பிறகுதான் வண்டன்மேட்டுக்கு வந்தேன்.

வண்டன்மேடு இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை தாலுகாவில், கம்பம்மெட்டு வழியாக ஏறினால் வரும் ஏலக்காய் ஊர். விடியும் முன்பே தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும்; சாயங்காலம் இறங்கும். தோட்டத்தில் தமிழ், கடையில் மலையாளம், வீட்டில் இரண்டும். பக்கத்தில் புற்றடியில் ஸ்பைசஸ் பார்க். இந்தப் பகுதியிலும் போடிநாயக்கனூரிலுமாக 2007இல் ஏலக்காய் ஏலம் மின்னணு முறைக்கு மாறியது. அதற்கு முன் வாய்விட்டுக் கூவிய விலையை இன்று விசையைத் தட்டிக் கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் இங்கே கிலோ 7,000 ரூபாய் வரை போனது. குவாத்தமாலாவில் விளைச்சல் குறைந்தால் இங்கே விலை ஏறும் என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும்.

வாடகைக்கு எடுத்த வீட்டின் திண்ணையில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். எட்டாவது படிப்பவர்கள், பத்தாவது படிப்பவர்கள், ஏலக்காய் ஸ்டோரில் எடை போடும் ஓர் இளைஞர். கேரளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பள்ளிக் கணினியில் லினக்ஸைத் தொட்டவர்கள். அந்த இயங்குதளத்தில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது, தரவிறக்க வேண்டியதே இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து அம்மாவோடு வரும் பிள்ளைக்கு அம்மாவின் செல்போன்தான் கணினி. ஹெல்சிங்கியில் எழுதிய முதல் பக்கம் இரண்டு பேருக்குமே பொருந்தவில்லை. இப்போது அந்த அத்தியாயம் “உங்கள் கையில் என்ன இருக்கிறது?” என்ற கேள்வியில் தொடங்குகிறது, போனிலேயே பைத்தானை ஓட்டும் வழி முதலில் வருகிறது.

ஒரு நாள் சின்ன நிரல் ஒன்று எழுதினோம். ஏலக்காயின் விலையைக் கேட்டு வாங்கி, மூன்று கிலோவுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் ‘விலை’, ‘எடை’ என்றே வைத்திருந்தோம். ஒரு சிறுமி 2400 என்று தட்டினாள். திரையில் 240024002400 என்று வந்தது.

“அண்ணே, மூணு கிலோவுக்கு இவ்வளவா? எங்கம்மா இனி வேலைக்கே போக வேண்டாம்ணே.”

திண்ணை முழுக்கச் சிரிப்பு. விஷயம் இதுதான்: ‘இன்புட்’ என்ற கட்டளை கொண்டு வருவது எழுத்துச் சரம், எண் அல்ல. சரத்தை மூன்றால் பெருக்கினால் பைத்தான் அதை மூன்று முறை அடுத்தடுத்து எழுதிவிடும். ‘இன்ட்’ என்பதைக் கொண்டு முதலில் எண்ணாக மாற்ற வேண்டும். எல்லாப் பாடப்புத்தகமும் இதை ஒரு விதியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும். அன்று அந்தச் சிறுமி மறுபடி மறுபடி வேறு வேறு விலை போட்டுப் பார்த்தாள். பிறகு எடையை ஐந்தாக்கினாள். விலை ஐந்து முறை வந்தது. காரணத்தை நான் சொல்லும் முன்பே அவள் பிடித்துவிட்டாள். தரவு வகைகள் பற்றிய அத்தியாயம் இன்று அந்தப் பன்னிரண்டு இலக்கத்தோடுதான் ஆரம்பிக்கிறது.

சலித்துத் தரம் பிரிக்கும் பாடத்தில் நான் மாணவனாக இருந்தேன். ஏலக்காயை அளவு வைத்துப் பிரிப்பார்கள். எட்டு எம்எம் சல்லடையில் நிற்பதற்குத்தான் நல்ல விலை. அடுத்தது ஏழு, அதற்கும் கீழே மற்றவை. ‘இஃப்’, ‘எலிஃப்’, ‘எல்ஸ்’ என்ற நிபந்தனைகளைச் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு கிடையாது. வேண்டுமென்றே ஏழை முதலில் வைத்து எழுதிக் காட்டினேன்: காய் ஏழு எம்எம்மோ அதற்கு மேலோ என்றால் இரண்டாம் தரம், இல்லையென்றால், எட்டுக்கு மேலா என்று பார். எடை போடும் இளைஞர் பார்த்தவுடன் தலையை ஆட்டினார்.

“அப்படி வச்சா எட்டு எம்எம் உங்க கைக்கே வராதுண்ணே. பெரிய கண்ணு சல்லடைதான் மேல இருக்கணும்.”

அவ்வளவுதான். ஏழில் பிடிபட்ட காய் அங்கேயே நின்றுவிடும், எட்டு என்ற வரிக்கு ஒரு காயும் வராது. நிபந்தனைகளின் வரிசை தப்பினால் நிரல் பிழை காட்டாது. ஓடிக்கொண்டே தப்பான விடை சொல்லும். நிரல் எழுதி அனுபவப்பட்டவர்களே தடுமாறும் இடம் இது. சல்லடை பிடித்த கைக்கு அது பாடமே இல்லை. நிரலாக்கம் என்பது படித்தவர்களின் சொத்து என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஆனால் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்துச் செடிகளைக் கவனித்துக் கவனித்துத் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ஏலக்காய் ரகம்தான் இந்த மலையின் விளைச்சலையே மாற்றியது. கவனித்து, பிரித்து, ஒப்பிட்டு, மறுபடி சோதிப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. குறியீடு மட்டும்தான் அவர்களுக்குப் புதிது, அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

சொல்ல ஆட்கள் இல்லாமலும் இல்லை. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும், அதில் எழுதி ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் மைஎஸ்கியூஎல் முதல் மெஷின் லேர்னிங் வரை புத்தகமாக்கிய து. நித்யாவும் செய்த வேலை பெரிது. யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம், பகிரலாம். முத்தையா அண்ணாமலை தமிழ்ச் சொற்களையே கட்டளையாகக் கொண்ட எழில் மொழியை உருவாக்கினார்; அவரும் என். சொக்கனும் சேர்ந்து 2013இல் அதற்குப் புத்தகமும் எழுதினார்கள். இவர்கள் போட்ட பாதை இல்லாவிட்டால் என் புத்தகத்துக்குக் கலைச்சொல்லே இருந்திருக்காது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் இங்கே சட்டென்று வராது. அந்த நாட்களில் நிரலைக் காகிதத்தில் ஓட்டுவோம். ஏலத்தையே எடுத்துக்கொண்டோம்: இப்போதைய விலை ஒரு கட்டம், புதிதாகக் கேட்ட விலை ஒரு கட்டம், கேட்டவர் ஒரு கட்டம். புதுவிலை அதிகமானால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுது. யாராவது மேலே கேட்டுக்கொண்டிருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய். ‘வைல்’ என்ற சுழற்சி அவ்வளவுதான். ஒரு பிள்ளை கணினி, மற்றவர்கள் வியாபாரிகள். கணினியாக இருந்த பையன் ஒரு சுற்றில் சமமான விலையையும் ஏற்றுக்கொண்டுவிட்டான், உடனே சண்டை. முதலில் கேட்டவருக்கா, பிறகு கேட்டவருக்கா? ‘அதிகம்’ என்பதற்கும் ‘அதிகம் அல்லது சமம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு லாட் ஏலக்காய் கைமாறிவிடும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். திரை இருந்திருந்தால் இந்தச் சண்டை வந்தே இருக்காது, விடையைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். அதனால் புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் கணினி இல்லாமல் செய்யும் பயிற்சி ஒன்று சேர்ந்திருக்கிறது. மின்சாரம் போகாத ஊர்க்காரர்களும் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று முன்னுரையிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோப்புகளைப் படிக்கும் அத்தியாயம் மட்டும் பாக்கி. அன்றாட ஏல விலைப்பட்டியலை ஒரு கோப்பில் சேர்த்து, மாதத்தின் சராசரி விலையைக் கண்டுபிடிப்பது அதன் கணக்கு. விடுமுறை நாட்களில் ஏலம் கிடையாது, அந்த வரிகள் வெற்றாக இருக்கும். வெற்று வரியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் சராசரி குறைந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும்படி எழுத வேண்டும். எழுதி முடித்த அத்தியாயங்கள் யாழ்ப்பாணத்து மாணவர்களிடம் போயிருக்கின்றன. ஏலக்காயைச் சலித்தே பார்க்காத அவர்களுக்குச் சல்லடைக் கணக்கு எந்த வரியில் புரியாமல் போகிறது என்று குறித்து அனுப்பக் கேட்டிருக்கிறேன்.