கோடில் பிசிறு பொறுக்கும் கட்டளை

துவைத்த கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அந்தப் பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் 'லின்ட்' என்று பெயர். சட்டை கிழியவில்லை, போட்டுக்கொண்டும் போகலாம். ஆனால் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அமெரிக்காவின் பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஸ்டீஃபன் ஜான்சன், 1978-ல் தான் எழுதிய ஒரு கட்டளைக்கு இந்தப் பெயரையே வைத்தார். 'சி' மொழியில் எழுதிய புரோகிராம்களைப் படித்து, 'இங்கே ஏதோ இடிக்கிறதே' என்று சொல்வதுதான் அதன் வேலை.

கம்பைலர் இதைப் பார்க்காதா? அந்தக் கால சி கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு ஃபைலைத்தான் பார்க்கும். ஒருவர் எழுதிய ஃபங்ஷனுக்கு மூன்று மதிப்புகள் கொடுக்க வேண்டும். வேறொரு ஃபைலில் இன்னொருவர் இரண்டு மட்டும் கொடுத்திருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஃபைலிலும் குற்றமில்லை. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் ஆறு மணி, சமையல்காரரிடம் சொன்னது ஏழரை மணி என்றால் என்ன ஆகும்? அதேதான். லின்ட் எல்லா ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது.

இப்படி ஒரு கட்டளை எழுதுவதில் கஷ்டமே, அது எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான். பத்துப் புகாரில் எட்டு சும்மா என்றால், மீதி இரண்டையும் யாரும் படிக்க மாட்டார்கள். (வீட்டிலும் இதே கதைதான்!) அதனால், 'தெரிந்தேதான் இப்படி எழுதினேன்' என்று கோடிலேயே குறிப்பு வைத்தால், அந்த இடத்தில் லின்ட் பேசாமல் இருக்க ஜான்சன் வழி வைத்தார்.

ஜாவாஸ்கிரிப்டுக்காக 2013-ல் நிக்கோலஸ் ஸக்காஸ் 'இஎஸ்லின்ட்' செய்தார். இதில் ஒவ்வொரு டீமும் தங்களுக்கான விதியைத் தாங்களே எழுதிச் சேர்க்கலாம். 'பட்டன் என்றால் நம் பொது பட்டன்தான், தனியாக யாரும் செய்யக் கூடாது' என்பது அப்படி ஒரு விதி.

பட்டனில் என்ன பெரிய விஷயம்? பார்வையற்றவர்கள் போனைக் காதால்தான் படிக்கிறார்கள். பட்டனுக்குப் பெயர் வைத்திருந்தால் போன் அதைச் சொல்லும். பொது பட்டனில் பெயர் கட்டாயம் என்று ஒரு முறை அமைத்துவிட்டால் போதும். அவசரத்தில் ஒருவர் ஒரு திரைக்கு மட்டும் படத்தை வைத்துத் தனியாக ஒரு பட்டன் செய்துவிட்டால், அங்கே பெயர் விட்டுப்போகலாம். கண் தெரிகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. காதால் படிப்பவருக்கோ, பணம் அனுப்பும் இடத்தில் வெறும் 'பட்டன்' என்று மட்டும் கேட்கும். அழுத்தலாமா, வேண்டாமா?

நூற்றுக்கணக்கான திரைகளில் இதைத் தேடி ஆள் உட்கார முடியாது. கட்டளை நொடிகளில் ஃபைல் பெயர், வரி எண்ணோடு காட்டிவிடும். ஆனால் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். 'பணம் அனுப்பு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பட்டன் 1' என்று யாராவது எழுதிவைத்தால், அதுவும் பாஸ்தான். அதைப் பிடிக்க, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.