க்ரூஸரா, டூரிங் வண்டியா?

மஞ்சள் வித்த காசு கைக்கு வந்ததும் வீட்டுல முதல் பேச்சே பைக்தானுங்க. இத்தனை வருசமா எக்ஸ்எல்லுலயே காலம் ஓடிருச்சு. பால் கேன், யூரியா மூட்டை, மாட்டுத் தீவனம் எல்லாத்துக்கும் அது போதும். ஆனா மகளைத் தாளவாடியில கட்டிக் கொடுத்திருக்கோம். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறணும், 27 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸுல போனா பாதி மலைக்குள்ளயே வீட்டம்மாவுக்கு வாந்தி வந்துரும். அதனாலயே மகள் வீட்டுக்கு வருசத்துக்கு ஒருக்கா போறதே பெரிசு. எக்ஸ்எல்லுல ரெண்டு பேர் அந்த மலை ஏறுறது ஆகாத காரியம்.

கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற மகன் ஹிமாலயன் 450 தான் வாங்கோணும்னு நின்னான். "டூரிங்குன்னா அதுதானுங்கப்பா. 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க், குழியே தெரியாது." நான் மனசுல வச்சிருந்தது மீட்டியார் 350, க்ரூஸர். அதுல 20 குதிரைத்திறன்தான்.

அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. டூரிங் வண்டியில கால் நமக்கு நேர் கீழ இருக்கும். குழி வந்தா மிதியில ஊனி உடம்பைத் தூக்கிக்கலாம். க்ரூஸர்ல காலை முன்னால நீட்டி உக்காருறோம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனா எந்திரிக்க முடியாது, அடி அத்தனையும் நேரா நடு முதுகுக்கு வரும். தரையிலிருந்து வண்டி அடிப்பாகம் வரைக்கும் மீட்டியார்ல 170 மில்லிமீட்டர், ஹிமாலயன்ல 230. எங்க வாய்க்கால் கரை ரோட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

ஷோரூமுக்கு வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். பின்னாடி உக்காரப் போறது அவங்கதானே! ஹிமாலயன்ல என் தோளைப் பிடிச்சு ஒரு கால் வச்சாங்க, முழங்கால் மடங்கல. ரெண்டாவது தடவையும் முடியல. "எனக்கென்னங்க மாமா, நான் பஸ்ஸுலயே வந்துக்கிறேன், நீங்க புடிச்சதை வாங்குங்க"ன்னு மெதுவாச் சொன்னாங்க. அப்புறம் மீட்டியார்ல சேலையோட ஒருபக்கமா ஏறி உக்காந்துட்டாங்க. முதுகுச் சாய்மானம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஒருபக்கமா உக்காந்தா அது இடுப்புப் பக்கம்தான் வரும், இருந்தாலும் பிடிச்சுக்க ஆகுது.

சீட் உயரம் மீட்டியார்ல 765, ஹிமாலயன்ல 825. மூணு விரக்கடைதான் வித்தியாசம். ஆனா அஞ்சடி நாலங்குலம் இருக்கிற எனக்கு அதுல பாதம் முழுசாத் தரையில படாது. திம்பம் ஏறி ஆசனூர் தாண்டினா காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை நிக்கிற ரோடுங்க அது. 190 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டியை, பின்னாடி ஆளை வச்சுக்கிட்டு, பைய காலால தள்ளிப் பின்னால எடுக்கணும். நுனிக்காலுல அது நடக்குமா? வளைவுல கரும்பு லாரிக்குப் பின்னாடி ஊர்ந்து ஏறுறதுக்கு 40 குதிரையும் வேண்டியதில்ல.

தனியா லடாக் போற இளந்தாரிக்கு மகன் சொன்ன வண்டிதான் சரி, அதுல எனக்கு மாத்துக் கருத்தில்ல.

மீட்டியாருக்கு முன்பணம் கட்டியாச்சு. வாய்க்கால் கரைக்கு எக்ஸ்எல்லே இருக்கட்டும். மகனுக்குக் கொஞ்சம் மொகம் வாடிருச்சு, லீவுக்கு வந்து ஓட்டினாச் சரியாயிரும். வண்டி அடுத்த வாரம் வருதுங்க. தாளவாடிக்கு இன்னும் தகவல் சொல்லல.