பாடலில் வரும் 'நீ' யார்?

2014 ஜூலை 7 அன்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் ஒரு கட்டுரை வெளியானது. பங்குச் சந்தையும் நிறுவனங்களின் வரவுசெலவும் பேசப்படும் அந்த ஏட்டில் இசைத்தொழிலின் எதிர்காலம் குறித்து எழுதியிருந்தவர் டெய்லர் ஸ்விஃப்ட். அப்போது அவருக்கு வயது 24. கள்ளப் பதிவிறக்கத்தாலும் இணையவழிக் கேட்பாலும் இசைத்தொகுப்புகளின் விற்பனை சரிந்துகொண்டிருந்த காலம் அது. தொகுப்பு என்னும் வடிவமே முடிந்துவிட்டது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தனர். அவர் அதை ஏற்கவில்லை. கலை அரியது, அரியது மதிப்புடையது, மதிப்புடையதற்கு விலை கொடுக்கப்பட வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சுருக்கம்.

அந்த வாதத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட உவமை கவனத்துக்குரியது. மக்கள் இசையோடு கொள்ளும் உறவு, மனிதரோடு கொள்ளும் காதலுறவைப் போன்றது என்றார். சில பாடல்கள் ஒரு மாதம் விருந்துகளில் ஆடித் தீர்த்து மறக்கப்படுபவை. சில, வாழ்வின் ஒரு பருவத்தோடு நின்று நினைவில் மட்டும் தங்குபவை. மிகச் சிலரின் இசையே வாழ்நாள் துணையாக உடன்வரும். தொகுப்பை விலைகொடுத்து வாங்குவோர் தேடுவது அந்த மூன்றாவது வகையைத்தான் என்பது அவர் கணிப்பு. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த அவருடைய '1989' தொகுப்பு முதல் வாரத்தில் மட்டும் அமெரிக்காவில் 12 லட்சத்து 87 ஆயிரம் படிகள் விற்றது. நவம்பரில் அவர் தம் தொகுப்புகளை ஸ்பாட்டிஃபை தளத்திலிருந்து விலக்கிக்கொண்டார். மறு ஆண்டு ஜூனில், மூன்று மாத இலவசக் காலத்துக்குக் கலைஞர்களுக்குப் பணம் தருவதில்லை என்ற ஆப்பிள் நிறுவனத்தின் முடிவை எதிர்த்துப் பொதுமடல் எழுதினார். ஒரே நாளில் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது.

தன் கலையைப் பற்றியும் அதன் சந்தையைப் பற்றியும் இவ்வளவு தெளிவான கருத்துடைய இளம்பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி என்னவோ வேறு: இந்தப் பாட்டு யாரைப் பற்றியது?

மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் செய்தி ஒன்று உண்டு. 'நான்', 'நீ', 'இங்கே', 'இன்று' போன்ற சொற்களுக்கு நிலையான பொருள் கிடையாது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எப்போது, எங்கே என்பதைப் பொறுத்தே அவை எதைச் சுட்டுகின்றன என்பது தெரியவரும். காதல் பாடல் உலகெங்கும் வாழ்வது இந்தக் காலியிடத்தால்தான். டென்னசியில் எழுதப்பட்ட பாடலைக் குவாஹாட்டியின் விடுதி அறையில் கேட்கும் மாணவி, அதிலுள்ள 'நான்' என்ற இடத்தில் தன்னை அமர்த்திக்கொள்கிறாள். 'நீ' என்ற இடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒருவன் வந்து அமர்கிறான். அந்த 'நீ'யின் மேல் ஒரு நடிகரின் பெயரையோ பாடகரின் பெயரையோ ஒட்டிவிட்டால் இருக்கை நிரம்பிவிடுகிறது. பாடல் செய்தியாகிறது, பாடியவர் சாட்சியாகிறார். சாட்சியிடம் எவரும் சந்தத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி ஆண்களிடம் கேட்கப்படுவதில்லை என்று சொல்லிவிட முடியாது. 2002இல் ஜஸ்டின் டிம்பர்லேக் பாடிய 'க்ரை மீ எ ரிவர்' யாரைப் பற்றியது என்பதை ஊரே பேசியது. ஆனால் பேச்சின் பழி பாடியவர்மேல் விழவில்லை. பாடப்பட்டவராகக் கருதப்பட்ட பிரிட்னி ஸ்பியர்ஸ்மேல் விழுந்தது. டிம்பர்லேக் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டது 2021 பிப்ரவரியில். இரு திசையிலும் வழக்கு ஒன்றுதான்: பாடியவன் ஆணாக இருந்தால் பாடப்பட்டவள் குற்றவாளி, பாடியவள் பெண்ணாக இருந்தால் அவளே குற்றவாளி. 2014இல் ஆஸ்திரேலிய வானொலி நேர்காணல் ஒன்றில் ஸ்விஃப்ட் இதை நேரடியாகச் சொன்னார். எட் ஷீரனும் புரூனோ மார்ஸும் தம் காதலிகளைப் பற்றி எழுதுகிறார்கள். அவர்களை எவரும் எச்சரிக்கைக்குரியவர்களாகப் பார்ப்பதில்லை. இது பால் பாகுபாடு என்றார்.

விமர்சகர்களோடு அவருக்கு இருந்த வழக்கு இன்னும் பழையது. 2010 ஜனவரியில், 20 வயதில், 'ஃபியர்லெஸ்' தொகுப்புக்காக ஆண்டின் சிறந்த தொகுப்பு என்னும் கிராமி விருதைப் பெற்றார். அதே இரவு, மேடையில் ஸ்டீவி நிக்ஸோடு பாடியபோது சுருதி விலகியது. மறுநாள் எழுதப்பட்டவை கடுமையானவை. பாடத் தெரியாது என்றார் சிலர். பாடல்களை இவர்தான் எழுதினாரா என்ற ஐயமும் கூடவே வந்தது. அவர் அளித்த விடை இரண்டு. அவ்வாண்டு அக்டோபரில் வந்த 'ஸ்பீக் நவ்' தொகுப்பின் 14 பாடல்களையும் துணை எழுத்தாளர் எவருமின்றித் தனியே எழுதினார். அதில் ஒன்று, விமர்சகரை நோக்கிய 'மீன்'. 2012இல் அந்தப் பாடலுக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. கிராமி மேடையிலேயே அதைப் பாடவும் செய்தார். ஆக்கபூர்வமான விமர்சனம் வேறு, கொடுஞ்சொல் வேறு, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு என்பது அவர் நிலைப்பாடு. குரலில் குறை இருந்ததை அவர் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காதலுறவு பற்றிய ஏளனத்துக்கு அவர் தந்த விடை இன்னும் நுட்பமானது. செய்தித்தாள்கள் அவரைப் பற்றி ஒரு பாத்திரத்தைப் படைத்து வைத்திருந்தன: ஆடவரைத் தேடிப் பிடிப்பவள், பற்றிக்கொள்பவள், பிரிந்தபின் அழுது பாட்டெழுதிப் பழிவாங்குபவள். அந்தப் பாத்திரத்தையே 'நான்' ஆக்கி 2014 இறுதியில் 'பிளாங்க் ஸ்பேஸ்' பாடினார். பிறர் எழுதிய தன்னை, தானே நடித்துக் காட்டுதல். கேட்டவர்களில் ஒரு பகுதியினர் இதையும் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டனர். அங்கதத்தைக்கூட நாட்குறிப்பாகப் படிக்கும் பழக்கம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

தமிழ் பயின்றவருக்கு இந்த இடத்தில் ஒரு பழைய விதி நினைவுக்கு வரும். அகப்பாடலில் காதலரின் இயற்பெயர் வரலாகாது என்கிறது தொல்காப்பியம். பேசுவோர் தலைவி, தோழி, தலைவன் என்னும் மாந்தர், புலவர் அல்லர். இந்த விதி எவ்வளவு கூர்மையாகப் பின்பற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. பிரிந்திருக்கும் அரசியின் துயரைப் பாடும் அப்பாட்டில் எந்தப் பெயரும் இல்லை. ஆனால் பாசறையில் உள்ள வேலில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆகவே பாட்டு ஒரு குறிப்பிட்ட மன்னனைச் சுட்டிவிட்டது என்று கருதி, நச்சினார்க்கினியர் அதைப் புறத்தில் சேர்த்தார். ஒரு தழை போதுமாயிருந்தது. ஸ்விஃப்டின் 'ஆல் டூ வெல்' பாடலில் வரும் கழுத்துத்துணி ஒன்று யார் வீட்டில் இருக்கிறது என்று பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர்களும் வேப்பந்தழை தேடியவர்களே.

விதி இருந்ததால் பெண்புலவர் காப்பாற்றப்பட்டார் என்று மகிழ்ந்துவிடவும் இயலாது. வெள்ளிவீதியார் பாடியவை அகப்பாடல்கள். ஔவையார் தம் அகநானூற்றுப் பாடலொன்றில் வெள்ளிவீதியைப் போலத் தானும் தேடிச் செல்லத் துணிந்ததாகத் தலைவியைப் பேசவைத்தார். அதைக்கொண்டு வெள்ளிவீதியாருக்குப் பிரிந்துபோன கணவனும் ஊரூராகத் தேடிய வாழ்க்கை வரலாறும் எழுதப்பட்டன. பாலை பாடிய ஆண்புலவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரைப் பிரிந்தார்கள் என்று எவரும் தேடியதில்லை. இன்றும் கல்லூரி ஆண்டுமலரில் காதல் கவிதை எழுதிய மாணவனிடம் "நல்லா எழுதியிருக்கியே" என்பவர்கள், மாணவியிடம் "யாரும்மா அது?" என்கிறார்கள். அவளுடைய அடுத்த கவிதை பெரும்பாலும் மழையைப் பற்றியதாக இருக்கும்.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. துப்புத் தேடக் கற்றுக்கொடுத்தவர்களில் ஸ்விஃப்டும் ஒருவர். முதல் ஐந்து தொகுப்புகளின் பாடலேடுகளில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்டு, அவற்றைக் கோத்தால் மறைசெய்தி கிடைக்கும்படி செய்திருந்தார். அது இளம் ரசிகர்களைப் பாடல் வரியைக் கவனித்துப் படிக்கவைத்த விளையாட்டு. அதே விளையாட்டுதான் செய்தியாளருக்கும் தீனியாயிற்று. 2012இல் பெண்ணியம் பற்றிக் கேட்டபோது, ஆண்கள், பெண்கள் என்று எதிரெதிராகத் தான் பார்ப்பதில்லை என்று நழுவினார். இரண்டாண்டுகளுக்குப் பின், அச்சொல்லின் பொருளைத் தான் அன்று சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அதைவிட முக்கியமானது 'ஸ்பீக் நவ்' தொகுப்பிலுள்ள 'பெட்டர் தேன் ரிவெஞ்ச்'. தன் காதலனைப் பறித்துக்கொண்டதாக இன்னொரு பெண்ணைச் சாடும் பாட்டு. அவளது படுக்கையறையைச் சுட்டி ஏளனம் செய்யும் வரி அதில் இருந்தது. பின்னாளில் எந்தச் சொற்கள் தன்மேல் எறியப்பட்டனவோ, அதே அகராதியிலிருந்து எடுத்த சொற்கள். விலக விரும்பாதவரை எவரும் பறித்துச் செல்ல முடியாது என்பது வளர்ந்தபின் தெரிகிறது என்று 2014இல் இந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னார். 2023 ஜூலையில் மறுபதிவாக அத்தொகுப்பு வந்தபோது அந்த வரி மாற்றப்பட்டிருந்தது. மாற்றியது தவறு, 20 வயதின் சான்று அப்படியே இருந்திருக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. பழைய பதிவும் அழிந்துவிடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்கலாம். பெண்ணை இகழும் சொல் ஆணின் வாயில் மட்டும் பிறப்பதன்று என்பதற்கும், ஒரு கருத்து ஒருவருக்குள் எப்படி முதிர்கிறது என்பதற்கும் அந்த ஒரு வரியின் இடைவெளி போதிய ஆவணம்.

2020இல் வந்த 'ஃபோக்லோர்' தொகுப்பில் கற்பனை மாந்தர்களைப் படைத்தார். மூன்று பாடல்கள் ஒரே காதல் கதையை மூவரின் கூற்றாகச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்றில் பேசுபவன் ஒரு சிறுவன். விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினர். மறு ஆண்டு மீண்டும் ஆண்டின் சிறந்த தொகுப்பு விருது கிடைத்தது. பாராட்டு தகுதியானதே. ஆனால் 'நான்' என்பது ஒரு கூற்று என்பது அதற்கு முந்தைய தொகுப்புகளுக்கும் பொருந்தியிருந்தது என்பதை அப்போதும் சிலரே சொன்னார்கள்.

2023 ஜூன் 24, மினியாபொலிஸ் நகரின் விளையாட்டரங்கு. 'ஸ்பீக் நவ்' மறுபதிவு வெளிவர இரண்டு வாரங்கள் இருந்தன. பத்தாண்டுகளுக்கு மேலாக மேடையில் பாடாதிருந்த 'டியர் ஜான்' பாடலைத் தொடங்குமுன் அவர் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். தனக்கு இப்போது 33 வயது. 19 வயதில் நடந்தவை பற்றித் தனக்குக் கவலையில்லை, அப்போது எழுதிய பாடல்களைத் தவிர. ஆகவே இது யாரைப் பற்றியது என்று நீங்களே முடிவுசெய்துகொண்டு, எனக்காக இணையத்தில் எவரையும் தாக்க வேண்டாம் என்பது அதன் சாரம்.

ஆண்டுமலரில் எழுதிய அந்த மாணவிக்கு எந்த மேடையும் இல்லை. அரங்கு நிறைந்த கூட்டத்திடம் வேண்டுகோள் வைக்க அவளால் இயலாது. அவளுக்கு வேண்டியதும் அதுவன்று. அவள் கவிதையைக் கையில் எடுப்பவர் முதலில் கேட்கும் கேள்வி 'யார்?' என்று இல்லாமல், 'இந்தச் சொல்லை இங்கே ஏன் வைத்தாய்?' என்று இருந்தால் போதும்.